மட்டக்களப்பில் வாடகைக் குடி

மட்டக்களப்புக்குப் போகின்றவனை அங்குள்ளவர்கள் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக ஒரு பேச்சு வழங்கி வருகின்றது. அவ்வூரார் மாந்திரீகத்தில் வல்லவர்கள் என்பது அதன் கருத்து. உத்தியோகம் கிடைத்துக் கிழக்கே புறப்படும் இளைஞனுக்குத் திருநீறு பூசி வழியனுப்பும் பாட்டிமார் இந்த எச்சரிக்கையையும் மடியிற் கட்டி அனுப்புவார்கள். ஓராண்டில் இடமாற்றம் பெற்றுத் திரும்ப வேண்டியவன் பத்தாண்டாகியும் திரும்பவில்லை. அங்கேயே பெண்கொண்டு, வயல் வாங்கி, பேச்சும் மாறிப் போனான் என்றால், அதற்கு ஏதாவது காரணம் சொல்லத்தானே வேண்டும்? மந்திரம் என்று சொல்லிவிட்டால் இரு தரப்பாருக்கும் மானக்குறைவு இல்லை.

நாம் இங்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியொன்றில் ஆசிரியத் தொழில். கல்லடியில், வாவிக்குச் சற்றே தள்ளி, ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருப்பு. வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றில் தனியே இருக்கும் எம் அன்னையாரிடம் ஆண்டுக்கு இரு முறையேனும் குடும்பத்தோடு போய்வருவோம். ஊருக்குப் போவதைப் பற்றி எழுதுவோர் பலர். திரும்பி வந்து, பூட்டிய வாடகை வீட்டைத் திறந்து, மீண்டும் அதனுள் அமைந்துகொள்வதைப் பற்றி எழுதுவோர் குறைவு. கடந்த சித்திரை விடுமுறை முடிந்து திரும்பிய போது எமக்கு நேர்ந்தவற்றை ஈண்டு சொல்ல விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பகற்பொழுதிற் பெரும்பகுதி வண்டியிலேயே கழியும். ஆனையிறவின் உப்புவெளியைத் தாண்டி, வன்னிக் காட்டினூடே வவுனியாவை அடைந்து, ஹபரணையிற் கிழக்கே திரும்பி, பொலன்னறுவையையும் பின்னே விட்டு வந்தால் மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடக்க வேண்டும். அந்தப் பாலம் எமக்கு ஓர் எல்லை. அதுவரையில் விட்டு வந்த வீட்டைப் பற்றியே பேச்சு நடக்கும்: அம்மாவின் முழங்கால் நோவு, கிணற்றடித் தேசிமரம், வேலி அடைக்க ஆள் கிடையாமை. பாலம் கடந்ததும் பேச்சு மாறிவிடும். தண்ணீர்த் தாங்கியின் குழாயைப் பூட்டினோமா? அலுமாரித் திறப்பு எந்தப் பையில்? எரிவாயு மிச்சமிருக்குமா? இம்முறை வாழைச்சேனை தாண்டியதும் இளைய மகன், “வீட்டுக்குப் போக இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டான். காலையில் அவன் விட்டுவந்தது அவனுக்கு ‘அப்பம்மா வீடு’. மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கும் மேல்மாடிதான் அவனுக்கு வீடு. எமக்கோ இன்றுவரை வீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழுவது வலிகாமத்துச் செம்மண் முற்றமே.

ஏறாவூரைக் கடந்து வந்தபின் வாவி கண்ணிற் படும். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நீர் இது. பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. கோடையில் அலை மண்ணைக் கொணர்ந்து முகத்துவாரத்தை அடைக்கும். மாரி வெள்ளம் வந்து அதை உடைக்கும். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. திசைக்கு இதனினும் அழகான பெயர் வைத்த ஊர் ஒன்றை நாம் அறியோம்.

மக்கள் நெருங்கி வாழ்வது எழுவான்கரையில்; அவர்களுக்குச் சோறு விளைவது படுவான்கரையில். விதைப்புக்கும் அறுவடைக்கும் வாவியைக் கடந்து போய், வயலருகே வாடி அமைத்துத் தங்கி, வேலை முடிந்ததும் திரும்புவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடக்க ‘பாதை’தான் இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்குப் பாதை என்றால் நடக்கும் வழி. இவ்வூராருக்கு அது ஏறிப்போகும் மிதவை. மண்டூர் முருகனைத் தரிசிக்க நாம் முதன்முறை சென்றதும் குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில் ஏறித்தான். வாயை வெண்துணியாற் கட்டிக்கொண்டு பூசகர் மௌனமாகச் செய்யும் அந்த வழிபாட்டைக் கண்டு திரும்பிய அன்று, இந்த ஊரில் இன்னும் சில காலம் இருக்கலாம் என்று மனைவியார் சொன்னது நினைவிருக்கின்றது.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் எதிர்கொள்வது மணம். கடலுப்பும் வாவியின் ஈரமும் கலந்து, மூடிய அறைகளுக்குள் மூன்று கிழமை ஊறிய மணம். கதவு நிலையோடு இறுகி, தோள் கொடுத்தால்தான் திறந்தது. சீனிப் போத்தலுக்குள் எறும்புகள் குடியேறியிருந்தன. சுவரிலே நாட்காட்டி இன்னும் பங்குனியில் நின்றது. மனைவியார் விளக்கேற்றினார், பிறகு பால் காய்ச்சினார். ஊரிலிருந்து கொணர்ந்த பெட்டியை அவிழ்த்ததும் வீட்டின் மணம் மாறிற்று. புழுக்கொடியல், பினாட்டு, பனங்கட்டிக் குட்டான், நல்லெண்ணெய்ப் போத்தல், அம்மா முன்னின்று இடிப்பித்த மிளகாய்த்தூள். இவற்றில் ஒரு பங்கு கீழ்வீட்டுக்குப் போகும். போன பாத்திரத்துக்குப் பதிலாக ஒரு முட்டி எருமைத் தயிர் மேலே வரும். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மட்டக்களப்புத் தயிரை உண்பதில் உள்ள சுவையை இரு பகுதியாரும் இன்னும் தக்கபடி அறிந்துகொள்ளவில்லை என்பது எமது துணிபு.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாவும், அவர் கணவரும், மகளும், எண்பது கடந்த பெத்தாவும் இருக்கின்றார்கள். பெத்தா என்பது இங்கே பாட்டியைக் குறிக்கும் சொல். திண்ணையில் வெற்றிலைத் தட்டத்தோடு அமர்ந்திருக்கும் அம்மூதாட்டி, எம்மைக் கண்டதும், “வந்திட்டீங்களா மனே?” என்றார். அன்று விடியுமுன் வலிகாமத்துப் படலையில் நின்று எம் அன்னையார் கேட்டது, “ஒரேயடியா எப்ப மோனை வருவாய்?” என்பது. மகனே என்ற ஒரே சொல்தான் அங்கே மோனை ஆயிற்று, இங்கே மனே ஆயிற்று. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் ஈழத்துப் பேச்சுத் தமிழைப் பற்றி எழுதியபோது, மட்டக்களப்புத் தமிழ் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று கருத்துரைத்தார். எமக்கு அந்த ஆராய்ச்சி அன்று தோன்றவில்லை. ஒரே நாளில் இரண்டு படலைகளில் இரண்டு முதிய தாயர் மகனே என்று அழைத்ததுதான் நெஞ்சில் நின்றது.

மறுநாட் காலையில் வீட்டுக்கார அம்மா தயிர்முட்டியோடு மேலே வந்தார். வந்தவர் உடனே இறங்கிப் போகவில்லை.

“சேர், நம்மட மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கு. ஆவணியில நாள் வெச்சிருக்கம்” என்றார். நாம் மகிழ்ச்சி தெரிவித்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “மேல்வீடு அவளுக்கெண்டுதானே கட்டின. சொல்ல வாய் வருதில்ல, சொல்லாம இருக்கவும் ஒண்ணா” என்றார்.

சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டில் எட்டாண்டு இருந்தவர்க்கு அது விளங்கும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்தால் வீட்டுக்கு அத்திவாரம் இட வேண்டும் என்ற கவலையும் உடன் பிறக்கின்றது. மணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சில காலத்தில் அந்த வீடு மகள் கைக்குப் போக, பெற்றோர் ஒதுங்கி வேறு மனையில் அடுத்த மகளுக்கு வீடெடுக்கத் தொடங்குவார்கள். முற்காலத்தில் இப்பகுதியில் வழங்கிய முக்குவர் சட்டம், குடும்ப முதுசொத்து ஓர் ஆணின் பிள்ளைகளுக்குப் போகாமல் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் என்று விதித்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பார் அதனை 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு வந்த மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு பழைய முறை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. சட்டம் போயிற்று, வீடு தாயிடமிருந்து மகளுக்கு என்ற வழக்கம் போகவில்லை. மகளுக்குரிய வீட்டில், அவளுக்கு மணமாகும்வரை வாடகைக்கு ஒருவரை இருத்துவதும் அந்த வழக்கத்தின் ஓரத்தில் முளைத்த ஒரு சௌகரியம். நாம் அந்தச் சௌகரியம். புது மாப்பிள்ளையும் ஒருவகையில் வந்து குடியிருப்பவர்தான். அவருக்கு வாடகை இல்லை என்பதே வேற்றுமை.

குடி என்ற சொல்லுக்கு இங்கே வேறொரு கனமான பொருள் உண்டு. தாய்வழியாக வரும் கிளையைக் குடி என்பர். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி எனப் பல. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் போன்ற பெருங்கோயில்களில் வண்ணக்கர் பதவியும் திருவிழா உரிமையும் குடிவழியே வருகின்றன. இவ்வட்டாரத்து முஸ்லிம் மக்களிடமும் இந்தத் தாய்வழிக் குடிமுறை உண்டு. அக்கரைப்பற்றிலே தங்கி இவற்றையெல்லாம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். எட்டாண்டுக்கு முன் நாம் சாமான்களோடு வந்திறங்கிய அன்று பெத்தா கேட்ட முதற் கேள்வி, “நீங்க என்ன குடி மனே?” என்பதே. “வாடகைக் குடி, ஆச்சி” என்றோம். பெத்தா வெற்றிலை சிந்தச் சிரித்தார். அன்றுமுதல் கீழ்வீட்டில் எமக்கு அதுவே பெயராயிற்று. குடியில்லாதவனுக்கு ஒரு குடியைக் கற்பித்துக் கொடுத்த பெருந்தன்மை அது.

வீட்டுக்கார அம்மா இறங்கிப் போன பிறகு, மனைவியார் ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். வட மாகாணத்துக்கு இடமாற்றம் கோரும் விண்ணப்பம் அது. மூன்றாண்டுக்கு முன் நிரப்பியது. ஒவ்வோர் ஆண்டும் அனுப்புவதற்கு ஒரு தடை. மூத்த மகள் சாதாரண தரம், பிறகு உயர்தரம், பிறகு நாட்டு நிலைமை. இப்போது வீடும் இல்லை என்றாகும்போது, தடை சொல்லக் காரணம் ஒன்று குறைந்துவிட்டது. அம்மாவை இங்கே அழைத்து வரலாமே என்பீர்கள். ஒருமுறை வந்தார். பத்து நாள் இருந்தார். மாடிப்படி ஏற முழங்கால் இடங்கொடுக்கவில்லை. வளவை விட்டு இருக்க மனமும் இடங்கொடுக்கவில்லை.

இந்த ஊரிலே நிலைத்தவர்களை எண்ணிப் பார்த்தோம். வாவிக்கரையில் வில்லியம் ஓல்ட் என்ற ஆங்கிலேயருக்குச் சிலை உண்டு. மெதடிஸ்த மத குருவாக 1814இல் கப்பலேறி வந்து இங்கே பள்ளிக்கூடம் தொடங்கியவர். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர் அது. 1815ஆம் ஆண்டு நோயுற்றுக் காலமானார். ஓராண்டுகூட அவர் இங்கே இருக்கவில்லை. ஆயினும் இருநூறு ஆண்டு கழிந்தும் ஊர் அவரை வைத்திருக்கின்றது. அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் நகரத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்து கற்பித்துக் கற்பித்தே முதுமை எய்தி, 1998இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். நகரத்து விளையாட்டு மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பாயோடு ஒட்டியவர்களில் அவரை மிஞ்சியவர் யார்?

எதிர்த்திசையிலும் ஒருவர் உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், சென்னையில் 1924இல் துறவு பூண்டு, திரும்பி வந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இமயமலைச் சாரலில் சில காலம் இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரானார். துறவிக்குச் சொந்த வீடேது? தங்கிய இடமெல்லாம் பிறருடைய இடம். அந்தத் தங்கல்களிற் செய்த நீண்ட ஆராய்ச்சி 1947இல் ‘யாழ் நூல்’ ஆக வெளிவந்தது. மட்டக்களப்பு வாவியில் எழும் இசையை நீரரமகளிர் பாடலாக அவர் பாடியிருப்பதும் அந்நூலிலேதான். அதே ஆண்டில் அவர் மறைந்தபோது உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து வித்தியாலயத்தருகே அடக்கம் செய்தார்கள்.

அன்று மாலை பெத்தாவின் அருகே சற்று இருந்தோம். செய்தி எமக்கு எட்டிவிட்டதை அவர் அறிந்திருந்தார். தம் தாயார் தமக்குக் கொடுத்த வீடு நாவலடியில் இருந்தது என்று சொல்லத் தொடங்கினார். நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் இடையே விரல் போல் நீண்ட மணற்றிடர். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் அந்த வீட்டின் கூரை பறந்தது. திரும்பவும் வேய்ந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது கூரையும் இல்லை, சுவரும் இல்லை, கிணற்றுக் கட்டுகூட இல்லை. “அதுக்குப் பொறகு ஆர் ஆர்ர வீட்டிலயோ இருந்தம் மனே. நாங்களும் வாடகைக் குடிதான்” என்றார். யார் யாரை இழந்தார் என்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. வெற்றிலையை இடித்து முடித்து, எமக்கும் ஒரு வாய் நீட்டினார்.

இரண்டு நாள் கழித்துச் சித்திரைப் பௌர்ணமி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழைய கல்லடிப் பாலத்துக்கு நடந்தோம். 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம். தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரால் லேடி மானிங் பாலம் எனப்பட்டது. 2013இல் பக்கத்திலே புதிய பாலம் வந்துவிட்டபடியால், நின்று நீரைப் பார்க்க அவகாசம் உண்டு. ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று உலகம் சொல்லும் அந்த இசை கேட்கும் இடம் இதுவே. சேர் எமர்சன் டெனன்ட் 1848இல் இரவில் தோணியிலிருந்து இதைக் கேட்டு, பின்னர் தம் நூலில் விரித்தெழுதினார். அவருக்கு மீனவர் காட்டியது மீனையன்று, ஊரியை. ஒரு தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை நீருள் ஊன்றி மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். தம்பூராச் சுருதி போல் ஒரு மெல்லிய நாதம் எமக்குக் கேட்டது. குளிர்சாதனப் பெட்டியின் ஓசை போல் இருக்கின்றது என்றான் இளையவன். மூத்தவள் மட்டும் நெடுநேரம் துடுப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபின், “அப்பா, நாங்கள் வேறு வீடு பார்த்தாலும் இந்தப் பக்கத்திலேயே பார்ப்போமா?” என்றாள். விண்ணப்பம் மேசையில் இருந்ததை அவளும் பார்த்திருக்கின்றாள்.

அடுத்த ஞாயிறன்று வீடு பார்க்கப் புறப்பட்டோம். வழிகாட்டியவர் எங்கள் வீட்டுக்காரரே. ஒன்று நகரத்துச் சந்தடியில். ஒன்றில் வாடகை எம் சம்பளத்தின் அரைப்பங்கு. ஒன்றில் அயல்வீட்டு நாய் எம்மை விரும்பவில்லை. நான்காவது, கல்லடியிலேயே, தென்னைகளுக்கு நடுவே ஒரு பழைய நிலவீடு. அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. மனைவியாரும் நாமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மனைவியார் நேரே கிணற்றடிக்குப் போனார். எழுவான்கரை மணலில் மாரிமழை ஊறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படலமாய் மிதந்து நிற்கும். அளவோடு அள்ளினால் இனிக்கும், இயந்திரம் வைத்து இறைத்தால் உவர் ஏறும். ஆகையால் இங்கே வீடு பார்ப்பவர் சுவரைத் தட்டிப் பார்க்குமுன் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாளி அள்ளி, இரு கையாலும் ஏந்திக் குடித்தார். பிறகு எமக்கும் ஒரு கை வார்த்தார். நல்ல தண்ணீர்.

முன்விறாந்தையை ஒட்டி ஓர் அறை இருந்தது. படி இல்லை, வாசல் முற்றத்தோடு ஒத்திருந்தது. முழங்கால் நோவுள்ள ஒருவர் வந்து தங்கினால் குளியலறைக்குப் போக வசதியுண்டா என்று மனைவியார் வீட்டுக்கார அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். மூன்று மாத வாடகை முற்பணம் கேட்கின்றார்கள். வைகாசி பிறக்குமுன் கொடுத்துவிட வேண்டும்.